உயரம், நிறம், குணம்

என் அக்கா பெற்ற ஒரே மகளுக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. உன் அம்மா நலமாக இருக்கிறாள். இதோ அடுத்த அறையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கிறது. வேண்டாம் என்றால் கேட்டால்தானே. அவள் உடம்புக்கு ஒன்றுமில்லை. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள். ஒரு வாய் தண்ணீர் குடி. அப்புறம் மற்றதைப் படி.

போனில் சொல்லாமல் மாமா ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் என் வாய் நிற்காது, உனக்கே தெரியும். எந்தக் கதையைத் தொடங்கினாலும் கடைசியில் அதில் நான்தான் பெரிய ஆள் என்று முடிந்துவிடும். நீயும் சிரித்துவிட்டு வைத்துவிடுவாய். தாளில் அப்படி முடியவில்லை. புளுகி எழுதினால் அந்த வரி என்னையே திரும்பிப் பார்க்கிறது. எழுதி முடித்ததும் தாள்களைப் படம் பிடித்துப் போனிலேயே அனுப்பிவிடுவேன். தபாலில் போட்டால் உன் கைக்கு வருவதற்குள் உன் அம்மா ஊருக்கு பஸ் ஏறிவிடுவாள்.

முதலில் கடைச் செய்தி. நம் கோட்டு சூட்டுக் கடையில் இப்போது எனக்குத்தான் முதல் மரியாதை. வருகிற பெரிய மனிதர்கள் எல்லாம் என்னைத்தான் தேடுகிறார்கள். எல்லாரும் இல்லை, சில பேர். காரணம் என் இங்கிலீஷ். பத்தாவது வரை படித்ததாகக் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். எட்டோடு நின்றது உனக்கும் உன் அம்மாவுக்கும்தான் தெரியும். ஆனால் ஒரு மனிதனை மேலிருந்து கீழே வரை பார்த்து, அவனுக்கு ஏற்ற இங்கிலீஷ் வார்த்தையை எடுத்து நீட்டுவதில் என்னை மிஞ்ச அந்தத் தெருவிலேயே ஆள் இல்லை. இது புளுகு இல்லை, முதலாளியே சொன்னது.

அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். கடையில் யாரையும் குண்டு என்று சொல்லக்கூடாது, ஹெல்தி. ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பவன் ஸ்லிம். தலையில் ஒரு முடி இல்லாவிட்டால் டிக்னிஃபைடு. யாரைப் பார்த்தாலும் முறைக்கிறவன் சீரியஸ் பெர்சனாலிட்டி, வாய் ஓயாதவன் ஜோவியல், பத்துக் கோட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவன் வெரி பர்ட்டிகுலர். குள்ளமானவருக்குக் காம்பேக்ட் என்று சொல்வது மட்டும் நானே கண்டுபிடித்தது. முதலாளி சொல்வார், "கண்ணாடி சொல்றதையே நீயும் சொன்னா உனக்கு எதுக்குய்யா சம்பளம்?" என்று. இத்தனை வருஷமாக அதைச் சொல்லித்தான் சாப்பிடுகிறேன். பழகிப்போய்விட்டது. ஒரு ஆளைப் பார்த்தால் இருப்பது கண்ணில் படுவதற்கு முன் இல்லாதது வாயில் வந்துவிடுகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மாவை அனுப்பி வை, கண்புரை ஆபரேஷனை நான் பார்த்துக்கொள்கிறேன், பெரிய கண் டாக்டரே எனக்கு நண்பர் என்று உன்னிடம் சொன்னேன். நண்பர் இல்லை. ஒரு தடவை அவருக்குக் கால்சட்டை நீளம் அளந்திருக்கிறேன். அவரும் குனிந்து என் முகத்தைப் பார்த்ததாக நினைவில்லை. ஆனாலும் வரிசையில் நின்று தேதி வாங்கி வைத்தது நிஜம்.

அக்கா வருகிற அன்று பஸ் நிலையத்துக்கு நேரத்தோடு போய் நின்றேன். இதில் என் மேல் தப்பில்லை. பஸ் வந்தது, எல்லாரும் இறங்கினார்கள், அவள் இறங்கவில்லை. கண்டக்டர் ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தார். முந்தைய நிறுத்தத்தில் பாதிக் கூட்டம் எழுந்ததாம், அவளும் கூடவே எழுந்து இறங்கிவிட்டாள். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தால்தானே? பை மேல்தட்டில் தங்கிவிட்டது. போன் பைக்குள். என் நம்பர் போனுக்குள்.

ஆமாம் கண்ணு. உன் அம்மா தொலைந்துபோனாள். ஒரு பகலும் ஒரு இரவும். உன்னிடம் மறைத்தோம்.

அந்த நிறுத்தத்துக்கு ஓடிப்போய்த் தேடினேன், கிடைக்கவில்லை. முதலாளிக்குப் போன் செய்தேன். நல்ல மனிதர், தன் காரிலேயே வந்து என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். அங்கே மேசையில் ஒரு சின்னப் பெண், புது உத்தியோகம் போல, கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே கேட்டாள், "அம்மா பார்க்க எப்படி இருப்பாங்க சார்? உயரம், நிறம், குணம், எதுனாலும் சொல்லுங்க" என்று. தமிழில்தான் கேட்டாள். நான் இங்கிலீஷில் பதில் சொன்னேன்.

பக்கத்து நாற்காலியில் முதலாளி. அவரிடம் என் அக்காவைப் பற்றி நான் ஏற்கெனவே நிறையச் சொல்லி வைத்திருந்தேன். பெரிய வீட்டில் வாழ்க்கைப்பட்டவள், நடந்து வந்தால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள் என்றெல்லாம். அவர் காது பக்கத்தில் இருக்கும்போது நான் என்ன சொல்வேன்? டால் என்றேன். ஃபேர் என்றேன். ஸ்லிம், எலிகண்ட், சாஃப்ட் ஸ்போக்கன், வெரி ரிசர்வ்டு. அந்தப் பெண் நிமிர்ந்து, "அடையாளம் ஏதாவது? மச்சம், தழும்பு, பல்லு?" என்று கேட்டாள். "குட் ஸ்மைல்" என்றேன். முதலாளி என் தோளைத் தட்டி, "குடும்பமே பெர்சனாலிட்டிதான்யா" என்றார். அந்த நேரத்திலும் எனக்குள் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

படம் இருக்கிறதா என்று கேட்டாள். என் போனில் என் படம் கொட்டிக் கிடக்கிறது, கோட்டுப் போட்டு, கோட்டுப் போடாமல், பொம்மைக்குப் பக்கத்தில், காருக்குப் பக்கத்தில், அது யார் காரோ. அக்காவின் படம் ஒன்றுகூட இல்லை. அவள் போன் பூட்டிக் கிடந்தது. உன்னிடம் கேட்டிருந்தால் ஒரு நொடியில் அனுப்பியிருப்பாய். கேட்டால் உனக்குத் தெரிந்துவிடுமே.

சாயங்காலம் கடைக்குத் திரும்பினோம். ஒருவருக்கு அவசரமாகக் கோட்டு அளவு எடுக்க வேண்டியிருந்தது. வாயில் குண்டூசி, கையில் அளவு நாடா. போன் அடித்தது, முதலாளிதான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். ஸ்டேஷன் பெண். அவள் பேசியது இன்னும் காதில் இருக்கிறது. "சார், ஒரு பெண்கள் விடுதியிலேருந்து கூப்பிட்டாங்க. வழி தெரியாம நின்ன ஒரு அம்மாவ யாரோ அங்க கொண்டுவந்து விட்டிருக்காங்களாம். குள்ளமா, கறுப்பா, கொஞ்சம் குண்டா, முன்பல் ரெண்டு இல்லையாம். கண்ணு சரியாத் தெரியலையாம். ரொம்பச் சத்தமாப் பேசுறாங்களாம். பேரு கேக்கறதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சு. நீங்க சொன்னது மாதிரி இல்ல, இருந்தாலும் கேட்டுக்கறேன், உங்க அக்கா இல்லையே?"

முதலாளி சிரித்துவிட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை. "பாவம், சந்தையில கூவி விக்கிற அம்மா யாரோ" என்றார். அளவு கொடுக்க நின்றவரும் சிரித்தார்.

கண்ணு, அது யார் என்று எனக்குத் தெரியாதா? கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டாலும் சொல்வேனே. வாயிலிருந்து குண்டூசியை எடுத்தேன். "நோ மேடம், அவங்க இல்ல. வேற யாரோ" என்றேன்.

போன் வைத்தாயிற்று. எந்த விடுதி என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் ஏன் என்பார்களே. முதலாளி உள்ளே போனதும் சந்துப் பக்கம் ஓடிப்போய் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். அந்தப் பெண் வேலை முடிந்து போய்விட்டாளாம். வேறு ஒருவர் எடுத்து, "காலையில வாங்க" என்றார். நேரில் போயிருக்கலாம். போய் என்ன சொல்வது? மத்தியானம் சொன்ன அக்கா வேறு, இந்த அக்கா வேறு என்றா? காலையில் முதல் வேலையாகப் போய் அந்தப் பெண்ணிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம், விடுதியில்தானே இருக்கிறாள், பத்திரமாகத்தானே இருப்பாள் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

அதற்கு அப்புறம்தான் நீ கூப்பிட்டாய். "அம்மா வந்தாச்சா மாமா?" என்றாய். வந்து, சாப்பிட்டு, அசதியில் தூங்கியாச்சு என்றேன். "மாமா இருக்கும்போது எனக்கென்ன கவலை" என்று சொல்லி வைத்தாய். அவள் பை என் மடியில் இருந்தது.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று கடைக்குப் போனேன். கடை திறந்து கூட்டம் வரத் தொடங்கியிருந்தது. முதலாளி வருவதற்காகக் காத்திருந்தேன். அவர் வந்து கல்லாவில் உட்கார்ந்த நேரம், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு இரண்டு பெண்கள் உள்ளே வந்தார்கள். ஒருவர் விடுதிக் காப்பாளர், பெரிய உத்தியோகம் செய்கிற அம்மா மாதிரி இருந்தார். இன்னொருத்தி உன் அம்மா. சாயம் போன சால்வை, விடுதியில் கொடுத்த பொருந்தாத செருப்பு, தலை வாரவில்லை.

கோட்டுப் போட்ட பொம்மைகளைக் கண்ணாடிக்குள் நிறுத்தியிருக்கிற கடை, இது ஒன்றுதான் உன் அம்மாவுக்கு நினைவு. அதை வைத்துக்கொண்டு அந்தக் காப்பாளர் அம்மா அவளைக் கைப்பிடித்துத் துணிக்கடைத் தெரு முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார். எங்கள் கடையிலும் கேட்டார், "குள்ளமா, கறுப்பா, மீசைக்கு மை பூசி, வர்றவங்க எல்லாரையும் இங்கிலீஷ்ல புகழ்றவர் யாராவது இங்க இருக்காரா?" என்று. அவர் முடிப்பதற்குள் கடைப் பையன்கள் அத்தனை பேர் விரலும் என்னைக் காட்டியது.

முதலாளி எழுந்து வந்தார். அவருக்குத் தோன்றியது வேறு. ஆவலாக, "என்னம்மா, இவர் அக்காவப் பத்தித் தகவல் கொண்டு வந்திருக்கீங்களா? உயரமா, சிவப்பா, அமைதியா இருப்பாங்களாமே, கிடைச்சுட்டாங்களா?" என்று கேட்டார்.

உன் அம்மாவுக்குக் கண்தான் மங்கல். காது கத்தி மாதிரி. அவர் சொன்னதைக் கேட்டு, என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். நான் நிற்கிற இடம் அவளுக்கு ஒரு நிழல் மாதிரி தெரிந்திருக்கும்.

இந்த இடத்தில் நான் ஓடிப்போய் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன், கடையே அழுதது என்று எழுதக் கை துடிக்கிறது. எழுதியும் பார்த்தேன், மேலே அடித்திருப்பது தெரியும். அப்படி நடக்கவில்லை. நான் அளவு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டு நின்றேன். சுற்றி முடித்து, பிரித்து, மறுபடி சுற்றினேன்.

அவள்தான் பேசினாள். "அவங்க கிடைச்சுட்டாங்க சார். பத்திரமா இருக்காங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்" என்றாள். தெரு முனையிலிருந்து கூப்பிட்டால் அடுத்த தெருவுக்குக் கேட்கும் குரல் அது. அன்றைக்கு அவள் அவ்வளவு மெதுவாகப் பேசினாள். அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

முதலாளி சந்தோஷப்பட்டு, "ரொம்ப நன்றிம்மா" என்று சொல்லி, என்னை உடனே போகச் சொன்னார். வெளியே வந்தோம். காப்பாளர் அம்மாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. உன் அம்மாவை முன்னால் நடக்க விட்டுவிட்டு என்னிடம் சொன்னார், "நேத்து எல்லாரும் சாப்பிடச் சொன்னோம், மாட்டேன்னுட்டாங்க. என் தம்பி என்னத் தேடி அலைஞ்சுட்டு இருப்பான், அவனுக்குச் சோறு இறங்காது, நான் எப்படிச் சாப்பிடுறதுன்னாங்க. அவன் எப்படி இருப்பான்னு கேட்டோம். என்ன மாதிரியே கறுப்பு, என்ன மாதிரியே குள்ளம், வாயத் திறந்தா பாதி புளுகு, ஆனா யாராவது அழுதா அவனும் கூட உட்காந்து அழுவான்னாங்க. அடையாளம் சரியாத்தான் இருந்துச்சு சார், கடைசி ஒண்ணத் தவிர." சொல்லிவிட்டு, நான் கும்பிடுவதைப் பார்க்காமல் போய்விட்டார்.

முதல் நாள் மாலை முதலாளி வாங்கித் தந்ததை நான் நன்றாகவே சாப்பிட்டிருந்தேன். சோறு இறங்கியது கண்ணு.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு அவள் சொன்ன முதல் வார்த்தை, "புள்ளகிட்ட சொல்லாதடா, தூரத்துல இருக்கா, பயந்துருவா" என்பதுதான். கடையில் நடந்ததைப் பற்றி இன்று வரை ஒரு சொல் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. சின்ன வயதில் எதற்கெல்லாம் என் காதைத் திருகியிருக்கிறாள்! இப்போது சிரித்துப் பேசுகிறாள், என் சட்டைக்குப் பித்தான் தைக்கிறாள், ஊசியில் நூல் கோக்க மட்டும் என்னைக் கூப்பிடுகிறாள். ஆனால் பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "இவங்க யாரு, புதுசா இருக்காங்க?" என்று கேட்டபோது, உன் அம்மா பதில் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள். அக்கா என்று சொன்னேன். அந்த ஒரு வார்த்தையைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. எத்தனை பேருக்கு நான் எத்தனை வார்த்தை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

நேற்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். கல்லாவில் அவர் தனியாக இருந்த நேரம், தமிழில் சொன்னேன். அன்றைக்கு வந்தார்களே, அவர்தான் என் அக்கா, விடுதியில் இருந்ததும் அவர்தான் என்றேன். கோபிப்பார், சிரிப்பார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. "அந்த அம்மாவுக்கு ஒரு நாற்காலிகூடப் போடலையேய்யா நான்" என்றார். அதற்கு மேல் இன்று வரை என்னிடம் பேசவில்லை. வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன், முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று. உலை வைத்துக்கொண்டிருந்தவள் நின்று, "ஏண்டா சொன்ன? உன் வேலைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

இப்போது ஊருக்குப் போகிறேன் என்கிறாள். சனிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்துக் கொடு என்று நச்சரிக்கிறாள். ஆபரேஷன் தேதி அடுத்த வாரம். அது வேண்டாமாம். "எனக்கு இப்பத் தெரியுறதே போதும்டா, என்னால உனக்குச் சிரமம் வேண்டாம்" என்கிறாள். போதாது. நேற்று அடுப்பில் துணியும் பாத்திரமும் பிரித்துத் தெரியாமல் கையைச் சுட்டுக்கொண்டாள். இப்போது செய்யாவிட்டால் ஒரு கண் போய்விடும் என்று அவளைச் சோதித்துப் பார்த்த டாக்டர் என்னிடமே சொன்னார். இது என் சொந்தச் சரக்கு இல்லை. நான் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறாள், நான் எந்த வாயால் வற்புறுத்துவது? உன் பேச்சு ஒன்றைத்தான் அவள் தட்டமாட்டாள்.

ஆகையால் நீ அவளிடம் பேச வேண்டும். எல்லாம் தெரியும் என்று சொல்லிவிடு, மறைக்கிற பாரமாவது அவளுக்குக் குறையட்டும். அவளைத் திட்டாதே. என்னைத் திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும். அவள் என் வீட்டில் இருப்பது உனக்கு இனிமேல் சரிப்படாது என்றால், உன்னோடு படித்த பெண் இந்த ஊரில்தானே இருக்கிறாள், அவள் வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன், ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஆபரேஷன் மட்டும் நடக்க வேண்டும்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் வருவாள். கூட வந்திருப்பது யாரும்மா என்று அக்காவிடம்தான் கேட்பாள், என்னிடம் இல்லை. அந்த இடத்தை நினைத்துத்தான் எனக்கு இப்போது பயம். யாரோ தெரிந்தவர் என்று அவள் மெதுவாகச் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? எனக்காகத்தான் அப்படிச் சொல்வாள், அதுவும் தெரியும். தம்பி என்று சொல்லச் சொல் கண்ணு. அவளுடைய பழைய குரலில், அந்த வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி. அதை அவளிடம் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை, அதனால்தான் உன்னைக் கேட்கச் சொல்கிறேன்.

நீ நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அம்மாவின் தம்பி